அங்காயியின் கனம்

ஒரு மலை இருந்ததாம், மலையிலே ஒரு தேயிலைத் தோட்டம் இருந்ததாம், தோட்டத்திலே பன்னிரண்டு வீட்டு லயம் ஒன்று இருந்ததாம், லயத்தின் ஏழாவது வீட்டிலே அங்காயி என்று ஒருத்தி இருந்தாளாம். ‘ம்’ கொட்டுங்கள். கொட்டாவிட்டால் கதை நடக்காது என்று சொல்லித்தான் அவள் எனக்குக் கதை சொன்னாள். நானும் அதையேதான் கேட்கிறேன், ஏனென்றால் இதைத் தனியாகச் சொல்லிக்கொண்டு போக எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அங்காயி என் அப்பாவைப் பெற்றவள், எனக்கு அப்பாயி. கூடலூருக்கு மேலே, சிலோனிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் கொண்டுவந்து இறக்கி, காட்டை வெட்டச் சொல்லி, தேயிலை நடச் சொன்ன மலைகளில் எங்கள் மலையும் ஒன்று. வெட்டியவர்களில் அவளும் ஒருத்தி, நட்டவர்களில் அவளும் ஒருத்தி, நட்டது வளர்ந்து இடுப்புயரம் ஆனபோது கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு முதல் கொழுந்தைக் கிள்ளியவர்களிலும் அவள் ஒருத்தி. வேலையிலிருந்து நிறுத்திய பிறகும் நிற்கவில்லை. லயத்து வாய்க்காலைக் கூட்டினாள், பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டினாள், யார் வீட்டில் பிரசவம் என்றாலும் வெந்நீர் அடுப்பின் முன்னால் அவள்தான் குந்தியிருந்தாள். ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் லயத்து வாசலில் மூங்கில் நட்டு, தகரப் பெட்டியிலிருந்து கொடியை எடுத்து ஏற்றி, பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, மழை பெய்தாலும் கம்பத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை நின்றாள்.

கீழே டவுனில் எங்களை சிலோன்காரங்க என்பார்கள். அதற்கு அவள் சொல்வாள்: “அங்கிட்டு இருந்தப்ப இந்தியாக்காரின்னு வைஞ்சான். இங்கிட்டு வந்தா சிலோன்காரின்னு வையிறான். வைஞ்சிட்டுப் போறான். நான் இந்த மண்ணுக்காரிடி. இதுக்கு வெல குடுத்துட்டு வந்தவ.”

என்ன விலை என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன், உடனே நினைப்பதை நிறுத்திவிடுகிறேன்.

அவளுக்குத் தொண்ணூற்றிரண்டு வயதானபோது, ஆடி மாதம் அடைமழையில், பெரட்டுக் களத்தில் வேலைக்காரர்களின் பேரைக் கூப்பிடும் காலை நேரத்தில், பிளேன் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவள், “கோகிலா, இந்த வருசம் கம்பத்துக்குப் புது மூங்கில் வெட்டணும், பழசு உளுத்திருச்சு” என்று என்னிடம் சொன்னாள், டம்ளரைக் கீழே வைத்தாள், செத்துப்போனாள். அதுவரைக்கும் எல்லாம் எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

குளிப்பாட்டும்போதே ஒன்பதாவது வீட்டு மருதாயி அக்கா, “என்னாடி இது, கெழவி தலையத் திருப்ப முடியல” என்றாள். உயிரோடு இருந்த அப்பாயியை நான் ஒற்றைக் கையில் அணைத்துத் தூக்கி வெயிலில் உட்காரவைத்திருக்கிறேன். முப்பது கிலோகூடத் தேறமாட்டாள். மத்தியானம் பாடை கட்டியாயிற்று, நாலு ஆண்கள் கட்டிலுக்குக் குனிந்தார்கள், குனிந்தவர்கள் குனிந்தபடியே இருந்தார்கள். எட்டுப் பேர் வந்தார்கள். பதினாறு பேர் வந்தார்கள், பதினாறு பேருக்கும் அந்தக் காம்பராவில் இடமில்லாததால் பின்சுவர் ஜன்னலைப் பெயர்த்துவிட்டு அந்தப் பக்கமும் ஆள் நிறுத்தினார்கள். பாடை மூங்கிலை உருவிக் கட்டிலுக்கு அடியில் கொடுத்து நெம்பினார்கள், மூங்கில் முறிந்தது. யாரும் அலறவில்லை. மழை வந்துவிட்டது என்று சொல்வதுபோல, “கனத்துட்டா” என்றார்கள். மேளக்காரர்கள் தப்பட்டையை அடுப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு காத்திருந்தார்கள்.

“அறுவது வருசம் கூடை செமந்த ஒடம்பு,” என்றார் பழைய கங்காணி கருப்பையாத் தாத்தா. “தராசுல கொட்டுனது கொழுந்துதானப்பா. கனத்த எங்க கொட்டுனா?”

ஆசை மிச்சமிருந்தால் கனக்கும் என்று ஒருத்தி சொல்ல, உதட்டில் பால் விட்டார்கள், பிளேன் டீ விட்டார்கள். மண்ணாசை இருந்தால் மண்ணைக் கரைத்து விடுவது எங்கள் வழக்கம். எந்த மண்ணை என்பதில் சண்டை வந்தது. இந்த மலை மண்தான் என்றார்கள் சிலர். இல்லை, அவள் வந்து இறங்கிய ராமேஸ்வரத்து மணல்தான் என்றார்கள் சிலர். “பொறந்தது அந்தக் கரையிலப்பா, அந்த மண்ணுக்கு எங்க போறது?” என்று கருப்பையாத் தாத்தா கேட்டபோது, வாசலில் நின்றிருந்த என் அப்பா மழைக்குள் போய்விட்டார்.

அப்பா பெயர் பெரியண்ணன். அறுபது வயது, தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் அறை வேலை. பெற்ற தாய் செத்துக் கிடக்கும்போது அவர் காம்பராவுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வாசற்படியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார், எட்டிப் பார்க்கவும் இல்லை. துக்கத்தில் நிற்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் அவர் முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன். அது துக்கம் இல்லை, பயம்.

மறுநாள் காலை கட்டிலின் நாலு காலும் சிமெண்ட் தரையில் ஒரு சாண் இறங்கியிருந்தன. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு விரிசல் புறப்பட்டு, சுவரைக் கடந்து, வாசலைக் கடந்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஏறித் தேயிலைக்குள் போயிருந்தது. விரல் நுழைகிற அகலம். மருதாயி அக்கா ஒரு தேக்கரண்டியைப் போட்டுப் பார்த்தாள், அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

மலையில் இருப்பவர்களுக்கு விரிசல் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மழை அதற்குள் இறங்கும், இறங்கி அடியில் ஊறும், ஊறியது ஒரு பெருமூச்சு மாதிரி நழுவும், பிறகு லயமும் இருக்காது, லயத்துக்குப் பெயரும் இருக்காது. கீழே ரோட்டில் ஏற்கெனவே மண் சரிந்து பாதையை அடைத்துவிட்டது. குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுபோனோம், அதுவும் அதே சரிவில்தான் இருந்தது. மருதாயி அக்காவின் மருமகள் பதினோரு நாள் குழந்தையோடு ஒன்பதாவது வீட்டில் படுத்திருந்தாள். அந்த வீட்டுச் சுவரில் காது வைத்தால் உள்ளே மண் நறநறவென்று பல் கடிப்பது கேட்டது. நான் ஒருமுறை வைத்தேன், அதன் பிறகு வைக்கவில்லை.

அப்படிப்பட்ட நாளிலும் கொழுந்து முற்றிவிடும் என்று சூப்பர்வைசர் அரை நாள் வேலைக்குப் பேர் கூப்பிட்டார், பெண்கள் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார்கள், போய்விட்டு வந்தார்கள். மருதாயி அக்கா வந்த கோலத்திலேயே, முதுகில் வெறுங்கூடையும் தலையில் கயிறுமாக, நனைந்து சொட்டச் சொட்ட, அப்பாயியின் தலைமாட்டில் உட்கார்ந்து திட்ட ஆரம்பித்தாள்.

“அடியே கெழவி, எங்களக் கொல்லவா படுத்திருக்க? என் மவன் வயித்துல இருந்தப்ப எட்டு மாசம். அளவு கொறைஞ்சா பேர் வெட்டிருவேன்னான் கொழுந்து நிறுக்குற கண்டாக்டர். ஒன் நெரையையும் பறிச்சு, என் நெரையையும் பறிச்சு, யாருக்கும் தெரியாம என் கூடையில அள்ளி அள்ளிப் போட்டியே, அன்னைக்கு என்னயக் காப்பாத்துனவ இன்னைக்கு என் பேரனக் கொல்லப் போறியா? எந்திரிடி!”

சொல்லிவிட்டு எழப்போனவள் எழ முடியாமல் பின்னால் சாய்ந்தாள். கூடை அவளை இழுத்தது. திரும்பிக் கூடைக்குள் பார்த்தாள். ஒன்றுமில்லை, ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பழுத்த இலையைத் தவிர.

“என்னாக்கா?” என்றேன்.

“கனக்குது.” கழுத்தை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். தராசு பொய் சொன்னாலும் கொழுந்து பறிக்கிறவளின் கழுத்து பொய் சொல்லாது. “இருவத்தி ரெண்டு கிலோ. ஈரக் கொழுந்து. அன்னைக்கு என் கூடையில போட்டாளே, அதே கனம்டி.”

கட்டில் கால்கள் தரையிலிருந்து ஒரு விரற்கடை மேலே வந்திருந்தன.

அதன் பிறகு நடந்ததை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஒருத்தி செய்ததை ஒருத்தி பார்த்தாள், அவ்வளவுதான். அப்பாயி யாருக்காக எதைச் சுமந்தாளோ அதை அவர்கள் வந்து வாயால் சொல்லி எடுத்துக்கொண்டால் அவளுக்கு அது குறைந்தது, எடுத்தவர் கூடையில் அது ஏறியது. மழையில் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு, கூடையோடு, ரேஷன் கடையில் நிற்பதுபோல வரிசை கட்டினார்கள். வரிசையில் வம்பும் நடந்தது, இடம் பிடிப்பதும் நடந்தது. அம்மை போட்டுக் கிடந்தபோது வேப்பிலையால் வருடிக்கொண்டே இருபத்தோரு நாள் உட்கார்ந்திருந்ததை ஒருத்தி எடுத்துக்கொண்டு போனாள். குடித்துவிட்டு அடித்த புருஷனின் கையைப் பிடித்து நிறுத்தியதை ஒருத்தி எடுத்தாள், அந்தப் புருஷனே பின்னால் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, “என்னைய அடிக்க விடாம நிறுத்துனீங்களே ஆத்தா” என்று அவன் பங்கை எடுத்தான். காட்டை வெட்டிய முதல் வருஷம் அட்டைக் கடியிலும் குளிரிலும் செத்த பதினோரு பேருக்குக் குழி வெட்டியதைக் கருப்பையாத் தாத்தா எடுத்தார், எடுத்ததும் முழங்கால் மடங்கி விழுந்தார்.

இறக்கி வைத்தால் இறங்குமா என்று மருதாயி அக்கா வீட்டில் சோதித்துப் பார்த்தாள். கூடையைக் கழற்றி மூலையில் வைத்தாள், கனம் கழுத்திலேயே இருந்தது. “பழகிரும்” என்றாள். அவள் கனத்தைச் சொல்லிக் காட்டும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது, எனக்கு வெறும் எட்டுக் கிலோதான் வந்தது என்று சொன்ன இன்னொருத்தியைப் பார்த்து, “நீ அவளுக்குப் பழைய சோறு போட்டிருந்தாத்தான?” என்று வாய்த்துடுக்காகக் கேட்டாள்.

அன்று சாயங்காலம் தொழிற்சங்கத் தலைவர் சுந்தரராசு மண் சரிவைத் தாண்டி நடந்தே வந்தார். வந்தவர் கட்டிலருகில் நின்று, தொண்டையைச் செருமி, “அன்னை அங்காயி எனக்கு இன்னொரு தாய்! அவர் கரம் பட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவன் நான்!” என்று ஆரம்பித்தார்.

கட்டில் நாலு விரல் இறங்கியது. வெளியே தொட்டிச் சுவர் பிளந்து தண்ணீர் கொட்டியது.

“அவர் ஊட்டிய தேசபக்தி...”

மேட்டில் இருந்த சில்வர் ஓக் மரம் ஒன்று மெதுவாகத் தலை சாய்த்தது.

“தலைவரே, தலைவரே!” மருதாயி அக்கா ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாள். “ஒங்க காலப் புடிக்கிறேன், வாய மூடுங்க. மலை எறங்குது!”

அவர் நல்லவர்தான், பேசிப் பழகிவிட்டார். வெளியே போய் மூங்கில் புதரடியில் உட்கார்ந்துகொண்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் கூலி உயர்வுக் கூட்டத்தில் ஆத்தா தன்னை மேடையிலேயே “ஒனக்கு வெட்கமா இல்லியாடா?” என்று கேட்டதைத் தாழ்ந்த குரலில் சொன்னார். உள்ளே கட்டில் உயர்ந்தது. தலைவர் கூடை இல்லாமலே கூனிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் காலை விஏஓ வந்தார், எல்லோரும் உடனே இறங்கிப் போகவேண்டும் என்று சொல்ல. எங்கே இறங்குவது என்று அவருக்கும் தெரியவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து கொடியை எடுத்து அப்பாயி மேல் போர்த்தலாமா என்று பெண்கள் கேட்டார்கள்.

“கூடாதும்மா. சாமானியருக்குப் போர்த்தறதுக்குச் சட்டத்துல எடமில்ல.”

“இவள யாராச்சும் தூக்கிக் காட்டுங்கய்யா, அப்புறம் சாமானியம்னு சொல்லுங்க” என்றாள் மருதாயி அக்கா.

விஏஓ சிரிக்கவில்லை. கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரும் கேட்காமலே என்னிடம் கூடையை வாங்கி, தப்பாக மாட்டிக்கொண்டு, உட்கார்ந்தார். “இந்தியக் குடிமகள்தான்னு ஒரு சான்றிதழ், வீட்டுக்குப் பட்டா. முப்பத்தொரு தடவ வந்தாங்க. ஒவ்வொரு தடவையும் நாளைக்கு வாங்கன்னேன். வரும்போதெல்லாம் ஆபீஸ் வாசல்ல செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள வருவாங்க, கோயிலுக்கு வர்ற மாதிரி. நான் ஒரு தடவகூட உக்காருங்கன்னு சொல்லல.” அவர் எழுந்தபோது சட்டை முதுகில் கிழிந்தது. மண் சரிவுக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்த, அவர் வந்த ஜீப்பின் பின் டயர்கள், அவர் ஏறியதும் அச்சுவரை சேற்றில் இறங்கியதாகக் கேள்விப்பட்டோம்.

அத்தோடு வரிசை முடிந்தது. எடுக்க வேண்டியவர்கள் எல்லோரும் எடுத்தாயிற்று. பதினாறு பேர் மறுபடி குனிந்தார்கள்.

கட்டில் அசையவில்லை.

மழை அப்போதுதான் இன்னும் பலத்தது. விரிசலில் இப்போது ஒரு ஆள் இறங்கலாம். ஒன்பதாவது வீட்டுக் கதவு நிலையோடு சாய, மருதாயி அக்கா குழந்தையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அதுவரைக்கும் திட்டிக்கொண்டே இருந்தவள் இப்போது திட்டவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. “யாருடி மிச்சம்?” என்று மட்டும் கேட்டாள்.

நான்தான் மிச்சம் என்று நினைத்தேன். பதினெட்டு வருஷம் அவள் மடியில் கதை கேட்டவள் நான். அவளுடைய கூடையையே எடுத்து மாட்டிக்கொண்டு, தலைமாட்டில் உட்கார்ந்து, எனக்குச் சத்தமாகப் பேச வராது, ஆனாலும் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று, அவள் அடிக்கடி சொன்ன கதையைச் சொன்னேன்.

ரெண்டு ராஜா இருந்தாங்களாம். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கடல் இருந்துச்சாம். கடலோரமா உக்காந்து, இத்தனை லட்சம் பேர் ஒனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்குன்னு, மரக்கால்ல நெல்லு அளக்குற மாதிரி சனங்கள அளந்து பங்கு போட்டாங்களாம். அளக்கையில ஒரு நெல்லு கீழ சிந்திருச்சாம். அந்த நெல்லு ஒரு பொம்பளப்புள்ள. அத எந்த ராஜாவும் குனிஞ்சு எடுக்கலியாம். அது கடலுக்குள்ள போயி, செவப்பா, கல்லாப் போயிருச்சாம். இன்னைக்கும் அலை அடிக்கிறப்பவெல்லாம் அம்மா அம்மான்னு...

வீடு நடுங்கியது. ஓடுகள் சரிந்தன. கட்டில் ஒரு முழம் தரைக்குள் இறங்கியது, அப்பாயியின் முகம் என் முழங்காலுக்குக் கீழே போயிற்று. என் கூடையில் ஒரு பிடிகூட ஏறவில்லை.

“நிறுத்து,” என்றார் அப்பா.

மூன்று நாளில் முதல் தடவையாக அவர் காம்பராவுக்குள் வந்திருந்தார்.

“அது கதையில்ல. அதக் கதையாச் சொல்லாத.” என் தலையிலிருந்து கயிற்றை எடுத்தார். கூடையை அவர் முதுகில் போட்டுக்கொண்டார். ஆண்கள் கொழுந்துக் கூடை மாட்டுவதில்லை. கயிறு நெற்றிக்கு மேலே நிற்காமல் நழுவியது, நான்தான் சரி செய்துவிட்டேன். அவர் நெற்றி குளிர்ந்திருந்தது.

“அவ பேரு பவளம்,” என்றார். “எங்க அக்கா. பன்னெண்டு வயசு.”

மருதாயி அக்கா, “அக்காவா?” என்றாள். எங்களில் யாருக்கும் தெரியாது. ஐம்பது வருஷம் ஒரே லயத்தில், ஒரு வீடு விட்டு அடுத்த வீட்டில் இருந்தவளுக்கும் தெரியாது.

“பள்ளிக்கூடத்துல சேக்குறதுக்காகப் பெரியப்பா குடும்பக் கார்டுல அவ பேர எழுதி வச்சிருந்தாங்க. பெரியப்பா குடும்பத்துக்கு அந்த நாடுன்னு விழுந்துச்சு. எங்களுக்கு இந்த நாடு. அக்கா அவங்க கணக்குல நின்னுட்டா. அம்மா ஆபீஸ் ஆபீசா நடந்தா, சரி பண்ண முடியல. கடைசி நாள் வந்திருச்சு. இன்னைக்கு ஏறலேன்னா இந்தப் பேப்பர் செத்துரும், ரெண்டு நாட்டுக்கும் இல்லாமப் போயிருவீங்கன்னு ஆபீசர் சொல்லிட்டான். அக்காகிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. அவளும் வர்றதாத்தான் நெனச்சா. தல பின்னி, பூப்போட்ட கவுன் போட்டுக்கிட்டு ரயிலேறுனா. தலைமன்னார்ல, கப்பலுக்கு வரிசையில நிக்கிறோம். அம்மா ஒரு செம்ப அவ கையில குடுத்தா. ‘பவளம், தம்பிக்குத் தாகமா இருக்காம். அந்தா இருக்கு பாரு கொழாய், ஓடிப்போய்ப் புடிச்சிட்டு வா’ன்னா.”

அப்பாவின் கழுத்து நரம்புகள் ஏற்கெனவே புடைக்க ஆரம்பித்திருந்தன.

“அக்கா என்னையப் பாத்துச்சு. ‘தாகமாடா?’ன்னு கேட்டுச்சு.”

குழந்தை ஒரு சின்னச் சத்தம் போட்டது, மருதாயி அக்கா அதன் முதுகைத் தட்டினாள்.

“எனக்குத் தாகமே இல்ல. எட்டு வயசு, எனக்கு எல்லாம் புரிஞ்சிருச்சு. இல்லைன்னு சொன்னா போகமாட்டா, போகலேன்னா கப்பலும் இல்லன்னு புரிஞ்சிருச்சு. நான் தலைய ஆட்டுனேன்.”

கட்டில் எழும்பியது. சிமெண்டைப் பெயர்த்துக்கொண்டு, சேற்றிலிருந்து காலை உருவுவதுபோலச் சத்தமிட்டுக்கொண்டு எழும்பியது. அதே அளவுக்கு அப்பா கீழே போனார். முதலில் குந்தினார், பிறகு கைகளை ஊன்றினார்.

“அவ வர்றதுக்குள்ள கப்பலேறிட்டோம். அம்மா ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல. இந்தக் கரையில எறங்குனதும் மண்ண அள்ளி வாயில போட்டுக்கிட்டா. நெனச்சுப் பாரு, இந்த நாட்ட அவ கும்புடாம இருக்க முடியுமா? கும்புடலேன்னா அன்னைக்கு எதுக்கு ஏறுனோம்? கொடி ஏத்துற அன்னைக்கெல்லாம் நான் போத்திக்கிட்டுப் படுத்தே கெடந்தேன். அவ மட்டும் கம்பத்தப் புடிச்சிக்கிட்டு நின்னா. விட்டா விழுந்துருவா.”

நான் கூடையின் அடியில் கை கொடுத்தேன். “நானும் புடிக்கிறேன்பா.”

“விடு.”

“ரெண்டு பேருமாத் தூக்கலாம்பா.”

“நீ தலைய ஆட்டுனியா? விடு.”

இரண்டு தடவை விழுந்து மூன்றாவது தடவை எழுந்து நின்றார். நின்ற இடத்தில் தரை அவரைச் சுற்றி வட்டமாக வெடித்தது. வெளியே விரிசல் மூடிக்கொள்ளவில்லை, ஆனால் நறநறவென்ற சத்தம் நின்றது. மருதாயி அக்காவும் இன்னொருத்தியும் அப்பாயியைத் தூக்கினார்கள். வெயிலில் காயப்போட்ட சேலையை எடுப்பதுபோல வந்துவிட்டாள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. யாரும் விஏஓவைக் கேட்கவில்லை, கொடியைப் போர்த்தினார்கள், மேளம் அடித்தார்கள், பாடை மூங்கில் முறிந்துவிட்டதால் கயிற்றுக் கட்டிலிலேயே கொண்டுபோனார்கள். அப்பா கூடையைக் கழற்றாமலே தீச்சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், ஒவ்வொரு அடியும் கணுக்கால்வரை புதைந்தது. பெண்கள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை, திருப்பத்தில் நின்றோம். குழிக்குள் இறக்கும் முன்னால் கொடியைத் தனியாக எடுத்து மடித்து யாரோ என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மண்ணைப் போட்டுவிட்டு ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள், எங்களைத் தாண்டி லயத்துக்குப் போனார்கள். பெண்களும் போனார்கள். அவரவர் கழுத்தில் அவரவர் பங்கு இருந்ததால் எல்லோரும் ஒரே மாதிரி சற்றுக் குனிந்து நடந்தார்கள். மருதாயி அக்கா என் தோளைத் தொட்டுவிட்டு, குழந்தைக்குப் பசிக்கிறது என்று போனாள். நான் மட்டும் நின்றேன்.

அப்பா கடைசியாக வந்தார். என் முன்னால் நின்றார். அவர் நின்ற இடத்தில் பாதையின் ஓரத்து மண் பொலபொலவென்று உதிர்ந்து கீழே தேயிலைக்குள் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“வீட்டுக்கு வாங்கப்பா,” என்றேன்.

“எப்படிம்மா வர்றது?”

“வந்து படுத்துக்கங்க. அசையாம. பழகிரும்னு மருதாயி அக்கா சொன்னாங்க.”

“இந்தக் கனத்தோட நான் இந்த மலையில ஒரு ராத்திரி படுத்தா விடியிறப்ப லயம் இருக்காது.” அவர் கோபமாகச் சொல்லவில்லை, உலர்த்தும் அறையில் சூடு எவ்வளவு என்று சொல்வதுபோலச் சொன்னார். “அங்கன நிக்காத. ஓரம் உதிருது. அந்தப் பக்கம் போய் நில்லு.”

நான் அந்தப் பக்கம் போய் நின்றேன்.

“எங்கப்பா போவீங்க?”

“சமதரையா இருக்கிற எடத்துக்கு.”

அவர் பாதையைப் பார்த்து, எங்கே கால் வைத்தால் தாங்கும் என்று ஒவ்வோர் அடியாகத் தேர்ந்து, கயிற்றை இரண்டு கையாலும் நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். சரிந்த மண்ணை ஏறிக் கடந்தார். ரோட்டை அடைந்ததும் ஒரு நிமிடம் நின்றார், கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், நான் கூப்பிடவில்லை, திரும்பிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. பிறகு கிழக்கே, கடல் இருக்கிற பக்கமாகத் திரும்பி, வெறுங்கூடையின் கீழே பாதியாக மடிந்து, நடந்து போனார்.